வேலையைப் படமாக வரைந்த மேசன்: பிராங்க் கில்பிரெத்தின் வாழ்வும் பணியும்

செங்கல்லை எடுத்து, சாந்து இட்டு, சுவரில் வைத்து, தட்டிச் சமன்செய்வது மேசனின் தொழில். மொகெஞ்சதாரோவில் சுவர் எழுப்பிய கைகளுக்கும், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் சுவர் எழுப்பிய கைகளுக்கும் இத்தொழிலைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு இருந்ததெனக் கூற முடியாது. இத்துணைப் பழைமையான தொழிலிலே புதிதாகக் கண்டறிய என்ன எஞ்சியிருக்கும் என்றே எவரும் எண்ணுவர். அவ்வாறு எண்ணாத ஓர் இளைஞர் 1885ஆம் ஆண்டு, தமது 17ஆவது வயதில், பொஸ்ரனில் ஒரு மேசனுக்குக் கையாளாக வேலைக்குச் சேர்ந்தார். அவரே பிராங்க் பங்கர் கில்பிரெத்.

இன்று உலகெங்கும் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் வைத்தியசாலைகளும் தமது வேலை ஒழுங்கைச் சீர்செய்யப் பயன்படுத்தும் செயன்முறை வரைபடம் இவரிடமிருந்தும் இவர் மனைவியாரிடமிருந்துமே தொடங்கிற்று. எமது பெற்றோர் பலர், தாம் வேலை செய்யும் இடங்களின் சுவர்களில் வட்டமும் அம்புக்குறியும் முக்கோணமும் கொண்ட படங்களைக் கண்டிருப்பர். அப்படங்களின் பின்னால் நிற்கும் மனிதரை எமது மாணவச் செல்வங்களுக்கு அறிமுகஞ் செய்து வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமை

கில்பிரெத் 1868ஆம் ஆண்டு யூலை 7ஆம் நாள் மெயின் மாநிலத்திலுள்ள பெயார்பீல்ட் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் இரும்புச் சாமான் கடை நடத்தியவர். மகனுக்கு மூன்று வயதாக இருக்கையில் தந்தையார் காலமானார். முன்னர் ஆசிரியையாக இருந்த தாயார் பிள்ளைகளோடு இடம்பெயர்ந்து, ஈற்றில் பொஸ்ரனை அடைந்தார். கணவர் விட்டுச்சென்ற பொருளும் கைவிட்டுப் போகவே, அந்நகரிலே தங்குவிடுதி ஒன்றை நடத்திக் குடும்பத்தைக் காத்தார். ஆசிரியச் சம்பளம் ஒரு குடும்பத்தைத் தாங்கப் போதாத காலம் அது.

இளம் பிராங்க் தொடக்கத்திற் படிப்பில் முன்னின்றவரல்லர். உயர்நிலைப் பள்ளியிலே விஞ்ஞானமும் கணிதமும் அவரைக் கவர்ந்த பின்னரே அவரது படிப்பு மேலோங்கிற்று. மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வையும் எழுதினார். எனினும் தாயார் விடுதியில் உழைத்துக் களைப்பதைப் பார்த்துக்கொண்டு மேலும் நான்கு ஆண்டுகள் படிக்க அவர் மனம் ஒப்பவில்லை. கல்வியைக் கைவிட்டுக் கட்டட ஒப்பந்த நிறுவனம் ஒன்றிற் சேர்ந்தார். அடிமட்டத்திலிருந்து ஒவ்வொரு தொழிலையும் கையாற் பழகி மேலேறுவது என்பதே ஏற்பாடு. பகலில் வேலை, இரவில் பொறியியல் வரைதல் வகுப்பு. ஐந்தாண்டுகளில் அவர் மேற்பார்வையாளரானார். தாயாரும் விடுதித் தொழிலை விட்டு ஓய்வு பெற்றார்.

ஒரு செங்கல்லுக்குப் பதினெட்டு அசைவுகள்

தமக்குத் தொழில் பழக்கிய மேசன்மாரை இளைஞர் கில்பிரெத் உற்று நோக்கினார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் செங்கல் வைத்தனர். அவசரமாகச் செய்யும்போது ஒரு முறை, ஆறுதலாகச் செய்யும்போது ஒரு முறை, புதியவருக்குப் பழக்கும்போது வேறொரு முறை என ஒரே மேசனே பல முறைகளைக் கையாண்டார். இவற்றுள் எது சிறந்தது? இக்கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

மேசனின் அசைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். ஒரு செங்கல்லை வைக்க 18 அசைவுகள் வேண்டியிருந்தன. இவற்றுட் கொடியது குனிதல். செங்கல்லும் சாந்தும் மேசனின் காலடியிற் கிடந்தன. ஏறத்தாழ 5 இறாத்தல் எடையுள்ள செங்கல் ஒன்றை எடுக்க, 150 இறாத்தல் எடையுள்ள தன் உடலை அவர் கீழே தாழ்த்தி மேலே உயர்த்த வேண்டியிருந்தது. இவ்வாறு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஆயிரம் தடவை! உழைப்பின் பெரும்பகுதி சுவருக்குச் செல்லவில்லை. தன் உடலைத் தானே தூக்குவதிற் கழிந்தது.

கில்பிரெத் மேசனை விரைந்து குனியச் சொல்லவில்லை. குனிய வேண்டிய தேவையையே நீக்கினார். சுவர் உயர உயரத் தானும் உயர்த்தப்படக்கூடிய சாரம் ஒன்றை அமைத்து, செங்கல்லும் சாந்தும் இடுப்பளவு உயரத்தில் மேசனின் கைக்கு எட்டும்படி வைத்தார். செங்கல்லின் நல்ல பக்கம் எதுவென ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்ப்பது மேசனின் வழக்கம். குறைந்த கூலி பெறும் தொழிலாளர் கீழேயே அவற்றைத் தெரிந்து, நல்ல பக்கம் தெரியும்படி மரச்சட்டங்களில் அடுக்கி அனுப்பினர். சாந்தைச் சரியான பதத்திற் குழைத்தமையால், செங்கல்லைக் கரண்டியால் தட்டவேண்டிய தேவையும் அற்றுப்போயிற்று. கையால் அழுத்தினாலே அது தன் இடத்தில் அமர்ந்தது. 18 அசைவுகள் 5 ஆகக் குறைந்தன. மணித்தியாலத்துக்கு 120 செங்கல் வைத்த இடத்தில், புதிய முறையைப் பழகிய மேசன்மார் 350 செங்கல் வைத்தனர்.

1895ஆம் ஆண்டில் அவர் தமது சொந்த ஒப்பந்த நிறுவனத்தைத் தொடங்கினார். செங்கற் கட்டு முறை பற்றிய அவரது நூல் 1909இலும், அசைவு ஆய்வு பற்றிய நூல் 1911இலும் வெளிவந்தன.

லிலியன் என்னும் துணை

கில்பிரெத்தின் வாழ்வை லிலியன் அம்மையாரை விடுத்து எழுத முடியாது. கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் 1878ஆம் ஆண்டு பிறந்த லிலியன் மொலர், பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் பயின்றவர். 1904ஆம் ஆண்டு இருவருக்கும் திருமணம் நிறைவேறியது. 1905க்கும் 1922க்கும் இடையில் பன்னிரண்டு பிள்ளைகள் பிறந்தனர். அவர்களுள் ஒரு மகள் 1912ஆம் ஆண்டு தொண்டைக்கரப்பான் நோயினால் இறந்தாள்.

இத்தனை பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டே லிலியன் அம்மையார் உளவியல் கற்று, 1915ஆம் ஆண்டு பிறவுண் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆசிரியர்களாகிய நாம் சிறப்பாக நினைவிற் கொள்ளத்தக்கது அவரது ஆய்வுப் பொருள்: கற்பித்தலில் ஏற்படும் வீண்விரயத்தை நீக்குதல். முகாமையின் உளவியல் பற்றிய அவரது நூல் 1914இல் வெளிவந்தபோது, எழுதியவர் பெண் என்பது வெளித்தெரியாவண்ணம் பெயரின் முதலெழுத்துக்களோடு மட்டுமே அச்சிடப்பட்டது. கணவர் கல்லையும் கையையும் பார்த்தார். அக்கைக்குப் பின்னாலிருந்த மனத்தையும் களைப்பையும் பார்க்கச் செய்தவர் மனைவியார்.

இவர்கள் வீட்டு வாழ்வும் சுவையானது. பிள்ளைகள் தத்தம் கடமைகளை முடித்ததும் கையொப்பமிட வேண்டிய அட்டவணைகள் சுவரிலே தொங்கின. குளியலறையிற் கழியும் நிமிடங்கள் வீணாகாதிருக்க அங்கு கிராமபோன் வைத்துப் பிரெஞ்சு, ஜேர்மன் மொழிப் பாடங்களை ஒலிக்கச் செய்தார் தந்தையார். சட்டைப் பொத்தான்களை மேலிருந்து பூட்டுவதிலும் கீழிருந்து பூட்டினால் விரைவு என்று கண்டார். இரண்டு சவரக்கத்திகளால் ஒரே நேரத்தில் முகச்சவரம் செய்யவும் முயன்றார். மிச்சமான நேரத்திலும் கூடிய நேரம் காயத்துக்குக் கட்டுப் போடுவதிற் கழிந்தது! இவற்றையெல்லாம் அவர் பிள்ளைகளுள் இருவர் 1948இல் நூலாக எழுத, அது உலகப் புகழ் பெற்றது.

நிறுத்தற் கடிகாரமும் வரைபடமும்

அக்காலத்திலே தொழிற்சாலை முகாமையில் பெரும் புகழ் பெற்றிருந்தவர் பிரெடெரிக் ரெயிலர். 1911இல் வெளிவந்த விஞ்ஞான முகாமை பற்றிய தமது நூலில் கில்பிரெத்தின் செங்கல் ஆய்வை ரெயிலர் விரிவாகப் பாராட்டினார். கில்பிரெத்தும் முதலில் ரெயிலரின் தொண்டராகவே விளங்கினார். பின்னர் இருவருக்குமிடையே பிளவு ஏற்பட்டது.

ரெயிலர் வழிவந்தோரின் முதன்மைக் கருவி நிறுத்தற் கடிகாரம். தொழிலாளியின் பின்னால் ஒருவர் கடிகாரத்தோடு நின்று, ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் செல்கிறது எனக் குறிப்பார். அதே 1911இல் மசாசுசெற்ஸ் மாநிலத்தின் வாட்டர்ரவுன் படைக்கலத் தொழிற்சாலையில் வார்ப்புத் தொழிலாளர் இதனை எதிர்த்து வேலைநிறுத்தஞ் செய்தனர். அவர்களது அச்சத்தில் நியாயம் இருந்தது. உற்பத்தி மும்மடங்கானால் கூலியும் மும்மடங்காகுமா? கூலி 30 முதல் 100 வீதம் வரை உயர்ந்தாற் போதும் என்பதே ரெயிலரின் கணக்கு. எஞ்சிய இலாபம் எவரிடம் சேர்ந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

கில்பிரெத் தம்பதியர் கடிகாரத்தினும் படத்தையே பெரிதும் நம்பினர். 1912இல் றோட் ஐலண்ட் மாநிலத்தின் புறொவிடன்ஸ் நகருக்குச் சென்ற அவர்கள், அங்கிருந்த தொழிற்சாலை ஒன்றில் அசையும் படப்பிடிப்புக் கருவியைக் கொண்டு வேலையைப் பதிவு செய்தனர். விரல்களிற் சிறு மின்குமிழ்களைக் கட்டி, கைசெல்லும் பாதை ஒளிக்கோடாகத் தெரியும்படி புகைப்படம் பிடித்தனர். எல்லாக் கைவேலைகளையும் தேடுதல், பற்றுதல், தாங்குதல் முதலிய 17 அடிப்படை அலகுகளாகப் பகுத்து, தமது பெயரையே சிறு மாற்றத்தோடு தலைகீழாக எழுதி அவ்வலகுக்குத் தெர்பிளிக் எனப் பெயரிட்டனர். 1916ஆம் ஆண்டு களைப்பு பற்றித் தனி நூலொன்றை வெளியிட்டனர். ஓய்வும் ஏற்ற இருக்கையும் தொழிலாளிக்குக் காட்டும் தயவு என்று கருதப்பட்ட காலத்தில், அவை வேலையின் பகுதியே என அந்நூல் வாதித்தது.

முதல் உலகப் போரிலே கில்பிரெத் அமெரிக்க இராணுவத்திற் சேர்ந்து, பயிற்சி முறைகளை ஆராய்ந்தார். 1918இல் கடும் நோயுற்று மரணத்தின் வாயில் வரை சென்று மீண்டார், இதயம் பலமிழந்தது. அங்கவீனமுற்ற போர்வீரர்கள் மீண்டும் தொழில் செய்வதற்கான வழிகளை இத்தம்பதியர் ஆராய்ந்து, 1920இல் நூலாக வெளியிட்டனர். கையிழந்தவனுக்கு ஏற்றபடி வேலையின் ஒழுங்கை மாற்ற வேண்டும் என்பதே அதன் சாரம். போரினால் அவயவமிழந்தோரைத் தம் ஊரிலேயே கண்டு வந்த எம்போன்றோர்க்கு இந்நூலின் பெறுமதியை எடுத்துக்கூற வேண்டியதில்லை.

ஒரு தாளில் ஒரு வேலை

1921ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம், அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பிராங்கும் லிலியனும் ஒரு கட்டுரையைச் சமர்ப்பித்தனர். செயன்முறை வரைபடம் என்னும் முறையை அவர்கள் உலகுக்கு அளித்த இடம் அதுவே. ஒரு கையின் அசைவை ஆராய்வதற்கு முன்னர், அந்த வேலை தொடக்கம் முதல் முடிவு வரை செல்லும் வழி முழுவதையும் ஒரு தாளிற் குறியீடுகளால் வரைந்து பார்க்க வேண்டும் என்றனர். அவர்கள் வகுத்த பல குறியீடுகளை அச்சங்கம் 1947இல் ஐந்தாகச் சுருக்கி நியமமாக்கிற்று. வட்டம் என்றால் செயல். அம்புக்குறி என்றால் இடம் மாறுதல். சதுரம் என்றால் பரிசோதனை. அரைவட்டம் போன்ற குறி என்றால் காத்திருத்தல். முக்கோணம் என்றால் சேமிப்பு.

மாணவர் விளங்கிக்கொள்ள ஓர் எடுத்துக்காட்டைக் கூறுவோம். ஒரு நிறுவனத்தின் களஞ்சியப் பொறுப்பாளர், பொருளொன்று வாங்க வேண்டுமெனக் கோரிக்கைத் தாள் எழுதுகிறார்: வட்டம். அது முகாமையாளரின் அறைக்குச் செல்கிறது: அம்பு. அவரது தட்டிற் கிடக்கிறது: காத்திருத்தல். அவர் சரிபார்க்கிறார்: சதுரம். கணக்குப் பகுதிக்குப் போகிறது: அம்பு. அங்கும் கிடக்கிறது: காத்திருத்தல். கணக்காளர் கையொப்பமிடுகிறார்: வட்டம். பிரதி கோவையில் இடப்படுகிறது: முக்கோணம். எட்டுக் குறிகளில் இரண்டே வட்டங்கள். அத்தாளின்மீது உண்மையில் வேலை நடந்தது இரண்டு தடவைகளே. எஞ்சிய காலமெல்லாம் அது நடந்தும் கிடந்தும் பார்க்கப்பட்டும் கழிந்தது.

இப்போது ஒவ்வொரு குறியையும் சுட்டிக் கேட்க வேண்டும். இது ஏன்? இதனை நீக்கலாமா? இரண்டை ஒன்றாக்கலாமா? முன்பின்னாக மாற்றலாமா? எளிமையாக்கலாமா? நீக்க முடிந்ததை எளிமையாக்க முயல்வது வீண்வேலையாதலால் இவ்வரிசை முக்கியமானது. படம் வரைபவர், வேலை எவ்வாறு நடக்க வேண்டுமென்று விதிநூல் கூறுவதை வரையாது, அது எவ்வாறு நடக்கிறதோ அதனையே தாளோடு கூட நடந்து பார்த்து வரைதல் வேண்டும். தொழிற்சாலையின் தரைப்படத்தின் மேல் பொருள் செல்லும் வழியைக் கோடாக இழுத்தால் அது பாய்ச்சற் கோட்டுப்படம் ஆகும். ஒரே இடத்தைப் பலமுறை கடந்து சிக்கலாகக் கிடக்கும் கோடுகளைக் கண்டவுடன், எந்த இயந்திரத்தை எங்கே நகர்த்த வேண்டும் என்பது தானே விளங்கும்.

இவ்விடத்திலே நாம் சற்று நின்று சிந்தித்தல் தகும். எம்மவர் பலர் இந்நாட்டுத் தொழிற்சாலைகளிலும் உணவகச் சமையலறைகளிலும் நாள்தோறும் கேட்கும் சொல் விரைவு என்பதே. ஆனால் விரைவாகச் செய் என்னும் கட்டளை வட்டத்தை மட்டுமே தீண்டும். அம்புகளும் காத்திருத்தலும் தொழிலாளி உண்டாக்கியவை அல்ல; வேலையை ஒழுங்குசெய்தோர் உண்டாக்கியவை. நிறுத்தற் கடிகாரம் தொழிலாளியைப் பார்த்து, நீ ஏன் தாமதிக்கிறாய் என்று கேட்கிறது. வரைபடமோ ஒழுங்கைப் பார்த்து, நீ ஏன் இவனைக் காக்க வைக்கிறாய் என்று கேட்கிறது. கில்பிரெத்தின் பணியில் தலையாயது இக்கேள்வியை இடம் மாற்றியதே என்பது எமது கருத்து.

இதற்கும் ஒரு குறை உண்டு. சிறந்த வழி ஒன்றே என்றும், அதனை நிபுணரே கண்டறிந்து தொழிலாளிக்குத் தர வேண்டும் என்றும் கில்பிரெத் நம்பினார். அவ்வாறு மேலிருந்து இறங்கிய படம், கடிகாரத்தைப் போலவே ஆட்குறைப்புக்குக் கருவியாக முடியும். பல இடங்களில் அவ்வாறே முடிந்தது. அவருக்குப் பின்வந்த அலன் மொகென்சன், 1937 முதல் லேக் பிளசிட் என்னும் ஊரில் நடத்திய பயிற்சி மாநாடுகளிலே, வேலையைச் செய்பவரே அதனை நன்கறிவார் என்னும் அடிப்படையிற் பயிற்சியளித்தார். பென் கிரகாம் என்பவர் 1940களில் இவ்வரைபடத்தை அலுவலகத் தாள் வேலைகளுக்கு ஏற்ப மாற்றியமைத்தார். அதே காலத்தில் கணனிக்கான கட்டளைகளைத் திட்டமிடவும் பாய்ச்சற் படங்கள் வரையப்படலாயின.

மறைவும் தொடர்ச்சியும்

1924ஆம் ஆண்டு யூன் 14ஆம் நாள், ஐரோப்பிய மாநாடுகளிற் கலந்துகொள்ளும் பயணத்துக்குச் சில நாட்களே இருக்கையில், நியூ ஜேர்சி மாநிலத்தின் மொன்ற்கிளெயர் புகையிரத நிலையத்திலே மனைவியாரோடு தொலைபேசியில் உரையாடிக்கொண்டிருந்தபோது கில்பிரெத் மாரடைப்பினால் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 55. பிறர் களைப்பை அளந்தவர், தமது களைப்பை அளக்கத் தவறினார் போலும்.

வீட்டிலே பதினொரு பிள்ளைகள். மூத்தவளுக்கு 18 வயது, கடைக்குட்டிக்கு ஏறத்தாழ இரண்டு வயது. ஐந்தே நாட்களில் லிலியன் அம்மையார் கப்பலேறி, கணவருக்குப் பதிலாக லண்டனிலும் பிராக்கிலும் நடந்த மாநாடுகளிற் பங்கேற்றார். திரும்பி வந்தபோது, பெண்ணொருவரின் ஆலோசனை வேண்டாமெனப் பல நிறுவனங்கள் விலகின. அவர் கலங்கவில்லை. தொழிற்சாலைக் கதவு மூடினால் சமையலறைக் கதவு திறந்திருக்கிறதே என்று அங்கே புகுந்தார். அடுப்பு, மேசை, நீர்த்தொட்டி ஆகியவற்றின் இடங்களை மாற்றியமைத்து, ஒரு பலகாரம் செய்ய நடக்கவேண்டிய 281 அடிகளை 45 ஆகக் குறைத்துக் காட்டினார். 1935இல் பேர்டியூ பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். 1965இல் அமெரிக்கத் தேசிய பொறியியற் கழகத்துக்குத் தெரிவான முதற் பெண்மணியும் அவரே. 1972ஆம் ஆண்டு, 93ஆவது வயதிற் காலமானார்.

மிச்சம் எவருக்கு?

அன்பார்ந்த பெற்றோரே, மாணவச் செல்வங்களே! நேரத்தை மிச்சம் பிடிக்கக் கற்பிக்கும் நூல்கள் பல. மிச்சம் பிடித்த நேரம் எவருக்கு உரியது என்று கேட்கும் நூல்கள் சிலவே. மேசனின் முதுகு வளையாதிருக்க வேண்டும் என்பதில் தொடங்கிய ஆராய்ச்சி, அவன் சகாவின் வேலையைப் பறிப்பதில் முடியுமானால் அது அறமாகாது. ஆகவே உங்கள் வேலைத்தலத்தில் இப்படத்தை எவரேனும் வரைய முன்வந்தால் ஒதுங்கி நில்லாதீர்கள். நீங்கள் காக்கவைக்கப்படும் இடங்களை நீங்களே காட்டிக் கொடுங்கள். நீங்கள் காட்டாவிடின், வட்டங்கள் மட்டுமே பிறர் கண்ணிற் படும்.

மாணவர்களே, ஒரு தாளை எடுத்து, காலையில் எழுவது முதல் பள்ளிக்குப் புறப்படுவது வரை உங்கள் வீட்டில் நடப்பவற்றை இந்த ஐந்து குறிகளால் வரைந்து பாருங்கள். வட்டங்களிற் பெரும்பாலானவை அம்மாவின் கையிலும், காத்திருத்தல் உங்கள் பக்கத்திலும் இருப்பதைக் காண்பீர்கள். இரண்டு வட்டங்களையேனும் உங்கள் கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதனால் மிச்சமாகும் நேரம் அம்மாவுக்கு உரியது.